வெங்கிணாந்தி அக்கா

எங்கள் பிரதேச செயலகத்தில் பின்னேரம் நாலேகால் மணிக்கு எல்லாக் கணினிகளையும் நிறுத்திவிடுவோம். அக்காவின் கணினியை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை. அதன் திரை விளிம்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். "மூடாதீர்கள். உள்ளே கணக்கு நடக்கிறது." அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "நாய் கடிக்கும்" என்று எழுதிவிட்டிருந்தார்கள். நான் அதை அழிக்கப் போனபோது அக்கா தடுத்தார்.

"விடும் தம்பி. அதை வாசிச்சாவது கிட்ட வராம இருக்கட்டும்."

மல்லாவியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் அலுவலகம். அக்கா அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையகத்திலிருந்து இறங்கி வந்து, கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்ட குடும்பம். எங்களோடு கதைக்கும்போது அசல் வன்னிக் கதைதான். தகப்பனோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் "என்னாப்பா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று ஆளே மாறிவிடுவார். நான் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுழலாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கதையெல்லாம் வவுனியாவில் நடந்த ஐந்து நாள் பயிற்சியில் தொடங்கியது. "அலுவல் பாதிக்காதவாறு இருவரை அனுப்பவும்" என்று கடிதம் வந்ததாகவும், செயலாளர் ஒரு கணமும் யோசிக்காமல் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதியதாகவும் பிறகு அறிந்தோம்.

பயிற்சி, பைத்தன் என்கிற கணினி மொழியைப் பற்றியது. பைத்தன் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். அது ஒரு பெரிய பாம்பின் பெயர் என்று பயிற்றுநர் சொன்னார். "அப்ப வெங்கிணாந்தி" என்று அக்கா தன் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மலைப்பாம்புக்கு அதுதான் பெயர். அன்றிலிருந்து அவர் வாயில் அந்த மொழி வேறு பெயரில் வந்ததே இல்லை.

முதல் நாள் ஒரு வெள்ளைச் சாளரத்தைத் திறக்கச் சொன்னார்கள். அதன் ஓரத்தில் மூன்று அம்புக்குறிகள். அதற்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அழுத்தினால், கீழே உடனே பதில் வரும். அக்கா இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டார். நாலு என்று வந்தது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையே மறுபடியும் கேட்டார். மறுபடியும் நாலு.

"பரவாயில்லை, கதை மாறாத ஆள்" என்றார்.

பிறகு தமிழில் "வணக்கம்" என்று எழுதி அழுத்தினார். சிவப்பு எழுத்தில் நாலைந்து வரிகள் கொட்டின. பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் சிவப்பைக் கண்டால் கையை எடுத்துவிடுவார்கள், ஏதோ உடைத்துவிட்டது போல. நானும் அப்படித்தான். அக்கா மட்டும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன தம்பி சொல்லுது?"

"வணக்கம் எண்டா என்னெண்டு தனக்குத் தெரியாதாம் அக்கா."

"தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுதெல்லோ. எங்கட ஒபீசில ஆராவது அப்பிடிச் சொல்லுவினமோ?" என்று சொல்லி, வணக்கம் என்றால் ஒன்று என்று அதற்கு எழுதிக் கொடுத்தார். இனி வணக்கம் என்று எழுதினால் ஒன்று என்று பதில் வரும். அன்று பின்னேரத்துக்குள் மழை, குளம், அப்பா, பஸ் என்று இருபது சொற்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் எல்லாரும் அந்தச் சாளரத்தை விட்டுவிட்டு, கோப்பில் நிரல் எழுதிச் சேமிக்கப் பழகினோம். அக்கா அதற்கு வரவில்லை. ஐந்து நாளும் அந்த மூன்று அம்புகளுக்கு முன்னாலேயே இருந்தார். கேட்டால் பதில் சொல்கிற ஒன்றை விட்டுவிட்டு, எழுதி மூடி வைக்கிற வேலைக்கு ஏன் போக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அந்தச் சாளரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூடினால் சொல்லிக் கொடுத்த அத்தனையும் அதற்கு மறந்துவிடும். அதனால்தான் அவர் அதை மூடுவதே இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் கட்டாயப்படுத்தி மூட வைத்தேன். நடுவில் ஏதோ ஒரு கணக்கு முடியாமல் நின்றிருக்க வேண்டும். உடனே ஒரு சின்னப் பெட்டி தோன்றி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது.

"என்ன கேக்குது?"

"நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்காம். கொல்லவோ எண்டு கேக்குது."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "என்ன தம்பி நீர்! ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் கொல்லுறது? வேண்டாமெண்டு அமத்தும்."

அமத்தினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆளில்லாத அலுவலகத்தில் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

எத்தனையோ தரம் சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள்தான் அதற்கு ஒழுங்கான பதில் சொன்னார். இடம்பெயர்ந்தபோது சான்றிதழ், கலியாணப் படம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் பின்னால் தாட்டுவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது வீட்டையே காணவில்லை, பிறகு எதன் பின்னால் என்று தோண்டுவது? அன்று கையில் கொண்டுபோன ஒரு கொப்பி மட்டும் இன்னும் அவரிடம் இருக்கிறது. "பத்திரமா வைச்சதெல்லாம் போயிட்டுது தம்பி, கையில வைச்சிருந்தது இருக்கு" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

அவர் விடுப்பில் நின்ற ஒரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று நான் முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். எடுத்தவர் அந்த வாரம்தான் மாற்றலாகி வந்த அலுவலக உதவியாளர், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்.

"அண்ணை, வெங்கிணாந்தி என்ர மேசையில கிடக்குது. ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ. நான் நாளைக்கு வந்து பாக்கிறன்."

"எங்க பிள்ளை, மேசைக்கு மேலயோ?"

"ஓம், மேலதான். திறந்தபடி கிடக்குது. தொட்டாத்தான் பிரச்சினை."

அந்த அண்ணை காட்டோரத்தில் வளர்ந்தவர். வெங்கிணாந்தி ஆட்டை விழுங்கியதைக் கண்ணால் கண்டவர். மறு வார்த்தை பேசாமல் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். காணி விஷயமாக வந்த சனம் வேப்பமரத்தின் கீழ் நின்றது. செயலாளரும் தன் கோவைக் கட்டுகளோடு வந்து அவர்களோடு நின்றார். வாய் திறந்தபடி கிடக்கிறது என்று செய்தி பரவிவிட்டிருந்தது. நான் திரும்பி வந்தபோது கவட்டைத் தடியும் சாக்குமாக இரண்டு பேர் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேசையில ஒண்டையும் காணேல்லை" என்றார் ஒருவர்.

"அப்ப இறங்கிட்டுது" என்றார் மற்றவர். அதைக் கேட்டுச் சனம் இன்னும் பத்தடி பின்னால் போனது.

மூன்று அம்புக்குறிகளைக் காட்டி அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. செயலாளருக்கு அக்காவில் கோபம் வந்தது அன்றுதான். வெங்கிணாந்தி அக்கா என்ற பெயர் வந்ததும் அன்றுதான்.

அந்தக் கோபம் ஆறாத நாட்களில்தான் வீட்டுத்திட்டப் பட்டியல் வந்தது.

ஓலைக் குடிசையிலும் தகரக் கொட்டிலிலும் இருப்பவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். விண்ணப்பங்களுக்கு மேலிடத்தில் புள்ளி போட்டு, கூடிய புள்ளிக்காரர்களுக்கு வீடு என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு முன் செயலாளர் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். பட்டியலின் கடைசியில் ஒன்பது பேருக்குச் சைபர். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். அக்கா திருப்பவில்லை.

"சைபர் எப்பிடி வரும் தம்பி? ஒரு வீட்டில ஓட்டைத் தகரம் இருந்தாலே அஞ்சு புள்ளி. ஒண்டுமே இல்லாதவனுக்கு எல்லாரையும் விடக் கூட வரவேணுமெல்லோ?"

புள்ளி போடும் விதி பட்டியலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை வாசித்த ஒரே ஆள் அக்காதான் என்று நினைக்கிறேன். கூரை, சுவர், மலசலகூடம், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவது. கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவது. அறுபதுக்குக் கீழே என்றால் ஒன்றால், அறுபதுக்கு மேலே என்றால் இரண்டால். வயதானவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கத்தான் அப்படிச் செய்திருந்தார்கள்.

அக்கா விதியை அப்படியே தன் சாளரத்தில் எழுதினார். பிறகு ஒன்பது பேரின் விண்ணப்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். சிவப்பு வரும், திருத்துவார், மறுபடி கேட்பார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும். இந்த ஒன்பது பேருக்கும் வயதுப் பெட்டி வெறுமையாக் கிடக்கு. வயது இல்லையெண்டா இது சைபரால பெருக்குது. மற்றதெல்லாம் எத்தனை வந்தாலென்ன, கடைசியில சைபர்."

"ஏன் வயதை எழுதேல்லை?"

"வாரும், போய்க் கேப்பம்."

மோட்டார் சைக்கிளில் போனோம். குளக்கட்டுக்குக் கீழே இரண்டு ஆடுகளோடு தனியே இருந்த ஓர் ஐயாதான் பட்டியலில் கடைசி ஆள். கொட்டிலின் ஒரு பக்கம் தகரம், மற்றப் பக்கம் பழைய விளம்பரப் பலகை. அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே அவருடைய பாய்.

"ஐயா, உங்கட வயதென்ன?"

"அறுபதோ எழுபதோ பிள்ளை. உங்களுக்கு எது வசதியோ அதைப் போடுங்கோ."

"பிறப்புச் சான்றிதழ்?"

"அது இடம்பெயர்ந்து ஓடேக்க விழுந்திட்டுது."

அக்கா ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். "நீங்கள் சின்னனா இருக்கேக்க, அறுபத்துநாலில, ஒரு பெரிய சூறாவளி அடிச்சதெல்லோ. அப்ப என்ன செய்தனீங்கள்?"

"புளியமரத்தில ஏறி இருந்தனான்."

"மரம் ஏறுற வயதெண்டா பத்து, பன்னிரண்டு இருக்குமோ?"

"நான் இப்பவும் ஏறுவன் பிள்ளை."

ஏறிக் காட்ட எழும்பியும் விட்டார். நான்தான் பிடித்து இருத்தினேன். அந்தச் சூறாவளிக்கு அடுத்த தையில் தனக்குக் காது குத்தியது, தங்கச்சி பிறந்தது, பள்ளிக்கூடத்தை விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா உள்ளங்கையில் குறித்துக்கொண்டு வந்து சாளரத்திடம் கேட்டார். எழுபத்தொன்று. கிராம அலுவலரிடமும் கேட்டு அதையே உறுதிப்படுத்தினார். மற்ற எட்டுப் பேரின் வயதையும் இப்படித்தான் பொறுக்கி எடுத்தார். எல்லாம் அந்தச் சாளரத்துக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.

அக்காவின் மேசைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. கரண்ட் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் கணினிக்கு உயிர் கொடுக்கிற பெட்டி அது. பழைய பெட்டி, இரண்டு நிமிடம் தாங்கினால் பெரிய காரியம். நான் ஓடிப்போய் விசைப்பலகையை இழுத்து, அந்தச் சாளரத்தில் இருந்ததை அப்படியே சேமிக்க அழுத்தினேன். என்ன பெயரில் சேமிப்பது என்று கேட்டது. கைக்கு வந்த எழுத்தைத் தட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும் தம்பி. பேரை யோசிச்சு வைப்பம்."

"அக்கா! எந்தப் பேரெண்டாலும் பறுவாயில்லை!"

"அதெப்பிடி? பேந்து தேடேக்க என்னெண்டு தேடுறது?"

பெட்டி இன்னும் வேகமாகக் கீச்சிட்டது. பக்கத்து மேசைகளிலிருந்து ஆலோசனைகள் வந்தன.

"வீட்டுத்திட்டம் எண்டு வையுங்கோ."

"அந்தப் பேரில ஏற்கெனவே நாலு கிடக்கு."

"சைபர் எண்டு வையுங்கோ."

"பாவம், அதுகளுக்கு அந்தப் பேரோ?"

கடைசியில் அக்கா முடிவுக்கு வந்தார். "விடுபட்டவர்கள் எண்டு போடும்."

நான் "விடு" என்று தட்டியதும் திரை கறுத்தது.

ஒரு நாளாவது அவருக்குத் தெரியாமல் சேமித்து வைத்திருக்கலாமே என்று என்மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"விடு எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டுது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எழும்பி முகம் கழுவிவிட்டு வந்தார். கரண்ட் வரும் வரைக்கும் கதிரையை விட்டு அசையவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. அக்கா புதுச் சாளரம் ஒன்றைத் திறந்தார். மூன்று அம்புகள். விதியை ஒரு காகிதமும் பார்க்காமல் எழுதினார். பிறகு முதலாவது ஆளின் கூரை, சுவர், பிள்ளைகள், வயது. இரண்டாவது ஆளின் கூரை, சுவர். நாட்கணக்காக ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்பது குடும்பமும் அவர் வாயில் நின்றன. ஒன்றே முக்காலுக்கு முடித்துவிட்டு, செயலாளரின் அறைக்குள் போனார்.

செயலாளர் பேனையைத் திறந்து வைத்திருந்தார். "மிஸ், இது முடிஞ்ச விஷயம். கோவையை மூடியாச்சு."

"சேர், ஒருக்கா வந்து பாருங்கோ. அஞ்சு நிமிசம்."

"வெங்கிணாந்தியையோ?"

"ஓம் சேர். கடிக்காது."

வந்தார். அக்கா அவரைத் தன் கதிரையில் இருத்தினார். "சேர், முதல்ல உங்கட விபரத்தைப் போடுவம். விதி சரியோ எண்டு நீங்களே பாருங்கோ."

செயலாளருக்கு யாழ்ப்பாணத்தில் ஓட்டு வீடு. கூரைக்குச் சைபர், சுவருக்குச் சைபர். குடும்பத்தில் நாலு பேர் என்பதற்கு நாலு புள்ளி. வயது ஐம்பத்தேழு. அக்கா அழுத்தினார். நாலு என்று வந்தது.

"நாலுதானோ?" செயலாளரின் முகம் சுருங்கியது. சோதனையில் குறைந்த புள்ளி எடுத்தவர் போல இருந்தார்.

"உங்களுக்கு வீடு இருக்கு சேர், அதான். இப்ப உங்கட வயதை எடுத்துப் பாப்பம்."

எடுத்தார். சைபர் வந்தது.

"இதென்ன, என்னையும் சைபராக்கிப்போட்டியள்?"

அக்கா அடுத்ததாகச் சாளரத்திடம் குளக்கட்டு ஐயாவின் விபரத்தைக் கேட்டார். வயது இல்லாமல் சைபர். எழுபத்தொன்று என்று போட்டதும் ஐம்பத்தாறு.

"இப்ப அனுப்பப் போற பட்டியலின்படி பாத்தா, அந்த ஐயாவை விட நீங்கள்தான் வீடில்லாத ஆள், சேர்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செயலாளரைப் பார்த்தோம். அவர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு தானே விரலை நீட்டி, ஐயாவின் வயதை எடுத்து அழுத்திப் பார்த்தார். மறுபடி போட்டு அழுத்திப் பார்த்தார். ஐந்தாறு தரம் செய்தார். நேரம் இரண்டைத் தாண்டிவிட்டது. பேனையைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஓம், பட்டியல் இண்டைக்கு வராது. இல்லை, பிழை இருக்கு. எப்பிடித் தெரியுமோ? நானே கேட்டுப் பாத்தனான்."

ஒன்பது பேரும் பட்டியலில் மேலே ஏறினார்கள். ஆறு பேருக்கு அந்த வருடமே வீடு கிடைத்தது, மற்ற மூன்று பேருக்கு அடுத்த முறை. செயலாளர் அதன்பிறகு ஏதாவது கணக்கில் சந்தேகம் வந்தால் அக்காவின் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் அக்காவின் சாளரத்தை அவருக்குத் தெரியாமல் சேமித்து வைத்தேன். பெயருக்கு யோசிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன்.

அடுத்த வருடம் அக்கா தகப்பனுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று கேட்டு மாற்றலாகிப் போனார். போகிறதுக்கு முதல் வாரம் குளக்கட்டு ஐயாவின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. சின்ன வீடு. சுவருக்கு இன்னும் சுண்ணாம்பு மணம் போகவில்லை. ஐயா புது வேட்டியோடு எங்களுக்குப் பாயாசம் வார்த்தார். வார்த்துவிட்டு அக்காவுக்கு எதிரே குந்தினார். எதையோ கேட்க வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தவர் போலத் தெரிந்தது.

"பிள்ளை, போன வருசம் எனக்கு எழுபத்தொண்டு எண்டு சொன்னனீங்கள். இப்ப?"

"எழுபத்திரண்டு ஐயா."

"அப்ப இனி வருசம் வருசம் ஒண்டு கூட்டுவியளோ?"

"ஓம்."

"கூடக் கூட எனக்குப் புள்ளியும் கூடுமோ?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துச் சமாளித்திருப்பார்கள். அக்கா பாயாசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். "இல்லை ஐயா. அறுபதுக்கு மேல எத்தனை எண்டாலும் ரெண்டாலதான் பெருக்கும்."

ஐயா அதை யோசித்துப் பார்த்தார். எழுபதாண்டு காலம் வயதே இல்லாமல் நிம்மதியாக இருந்த மனிதர் அவர்.

"அப்ப பேந்து என்னத்துக்குப் பிள்ளை கூட்டுறியள்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஐயா, பரவாயில்லை, ஆறுதலாக யோசித்துச் சொல்லட்டும் என்பது போல, எழும்பிப்போய் அகப்பையை எடுத்துவந்து அக்காவின் கிண்ணத்தை மறுபடி நிரப்பினார்.